அப்புச்சியின் மூக்குச் சதையும் என் குடல் சதையும்

போன ஆடி மாசம் சேலத்தில் எனக்குக் கொலனோஸ்கோப்பி செய்தார்கள். அதற்கு முன் நாலைந்து தடவை மலத்தோடு ரத்தம் போயிருந்தது. மூலமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, ஆறு மாசம் கருணைக்கிழங்கும் மோருமாக ஓட்டிவிட்டேன். வீட்டில் தினமும் திட்டு வாங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். பெருங்குடலின் கடைசி வளைவில் 12 மி.மீ. அளவில், காம்போடு ஒரு பாலிப் இருந்தது. அப்போதே எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராசிபுரத்துக்குத் தெற்கே ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்லம்மா, குடல்ல சின்னதா ஒரு சதை வளந்திருந்துச்சு, எடுத்துட்டாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்புச்சிக்கு மூக்குல வந்துச்சே, அதே சதையா கண்ணு? அத ஏன் வெட்ட உட்டே?"

இந்த வலைப்பதிவில் இதுவரை ஏரி, கிணறு, பழைய சந்தை என்று எழுதிக்கொண்டிருந்தேன். உடம்பைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. அம்மாவின் அந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடப்போனதில் மூன்று மாசம் ஓடிவிட்டது. தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. டாக்டரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதுதான் இது.

அப்புச்சிக்கு என்ன நடந்தது

அப்புச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அப்பா. அவருக்கு மேட்டாங்காடு இரண்டு ஏக்கர். மழையை நம்பிச் சோளமும் கடலைக்காயும் போடுவார். கோடையில் காட்டில் வேலை இருக்காது. அப்போது கிணறு தூர் வாரப் போவார். எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் பாறையை உடைத்துத் தோண்டிய பெரிய சதுரக் கிணறுகள். அடியில் முழங்கால் அளவு, இடுப்பளவு கலங்கல் தண்ணியில் நின்று சேறும் கல்லும் அள்ளிக் கூடையில் போட வேண்டும், மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். பொழுதோட வீட்டுக்கு வந்து எருமைகளைக் குட்டைக்கு ஓட்டிப்போவார். எருமையைக் கழுவிவிட்டு, அதே தண்ணியில் தானும் மூழ்கி எழுவார். ஊரில் ஆம்பளைகள் எல்லாருக்கும் அதுதான் குளியல்.

1967 அல்லது 68-ல் அவருக்குச் சில்லு மூக்கு உடைந்து ரத்தம் வர ஆரம்பித்தது. வலது பக்கம் மட்டும். சூடு என்று வெங்காயத்தை நசுக்கி மோந்து பார்த்தார்கள், தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மூக்குத் துவாரத்தில் சதை எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. அந்தச் சதை எப்படி இருந்தது என்று இன்றும் சொல்கிறார்: "கோவைப்பழமாட்டச் செக்கச் செவேல்னு இருக்கும். மேல ரவையத் தூவுனாப்புல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. தொட்டாப் போதும், ரத்தம் கொட்டும்."

பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் அதை வெட்டி எடுத்தார். எடுத்த சதை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றரை வருசத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. வேறொரு டாக்டர் மறுபடி வெட்டினார். அப்போதும் சதை குப்பைக்குத்தான் போயிருக்க வேண்டும். மறுபடியும் வந்தது, இந்த முறை இன்னும் பெரிதாக.

அதற்குள் ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "வெட்ட வெட்ட வளருது, அது புத்துதான்." பெரியம்மாவுக்குக் கூடி வந்திருந்த ஒரு சம்பந்தம் இதனாலேயே நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்புச்சி துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது முறை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். அங்கே வெட்டிய சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள், வேர் இருந்த இடத்தைச் சுட்டும் விட்டார்கள். கூடப் போயிருந்த மாமா அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். டாக்டர் சொன்ன நோயின் பேரைக் கேட்டு வந்து வீட்டில் சொன்னாராம்: "ஏதோ காண்டாமிருகம் பேருங்கம்மா."

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பேரும் அதோடு மறந்துபோனது. சதை அதற்கப்புறம் வரவே இல்லை. அப்புச்சி 1994 வரை இருந்தார். நெஞ்சு வலியில்தான் போனார்.

மாமா சொன்னது தப்பில்லை

மாமாவின் காதில் விழுந்தது 'ரைனோ' என்ற சொல்லாக இருக்க வேண்டும். கிரேக்கத்தில் அதற்கு மூக்கு என்று பொருள். காண்டாமிருகத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பேர் வந்ததே மூக்கின் மேல் கொம்பு இருப்பதால்தான். அப்புச்சியின் நோய்க்குப் பேர் ரைனோஸ்போரிடியோசிஸ் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட் எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு பக்க மூக்கு, தொட்டால் ரத்தம், சிவந்த சதை மேல் வெள்ளைப் புள்ளி, வெட்டினால் திரும்ப வருவது, குட்டைத் தண்ணி, மாமாவின் காண்டாமிருகம் என்று எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "ரவையத் தூவுனாப்புல" என்று வந்ததுமே அவர் சிரித்துவிட்டு, "எங்க புத்தகத்துல ஸ்ட்ராபெரி மாதிரின்னு எழுதியிருக்கும், உங்கம்மா சொல்றது இன்னும் தெளிவா இருக்கு" என்றார்.

அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் நோய்க் கிருமியின் பைகள். கிருமி என்றாலே கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்போம். இந்தப் பை முற்றும்போது வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவுக்கு வளர்கிறது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஆயிரக்கணக்கில் வித்துகள். பை வெடித்தால் அத்தனையும் வெளியே சிதறும்.

சதைக்கு வைத்த பேர்

பாலிப் என்ற பேரே கிரேக்கச் சொல். பல கால் உள்ளது என்று பொருள், கடலில் இருக்கும் எண்காலிக்கு வைத்த பேர். மூக்கிலிருந்து தொங்கும் சதையைப் பார்த்த பழைய கிரேக்க வைத்தியர்களுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. ஹிப்போகிராட்டஸ் பேரில் உள்ள நூல்களில் இதை எடுக்க ஒரு முறை சொல்லப்படுகிறது. கடற்பஞ்சைத் துண்டாக்கி நூலில் கட்டி, நூலை மூக்கு வழியாக விட்டு வாய் வழியாக இழுக்க வேண்டும். பஞ்சு வரும் வழியில் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். மயக்க மருந்து இல்லாத காலம்.

நம் பக்கம் சுஸ்ருத சம்ஹிதை மூக்கு நோய்கள் 31 என்று கணக்கிடுகிறது. மூக்கில் வளரும் சதையை 'அர்சஸ்' என்ற சொல்லாலேயே குறிக்கிறது. ஆசனவாயில் வரும் மூலத்துக்கும் அதே சொல்தான். அர்சஸுக்கு நான்கு வழி: மருந்து, காரம், நெருப்பு, கத்தி. காரம் என்பது செடிகளைச் சுட்ட சாம்பலிலிருந்து எடுப்பது, சதையை அரித்துவிடும். வெட்டுவதோடு சுடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கிரேக்கத்திலும் சரி, நம் நாட்டிலும் சரி, பேர் வைத்தது உருவத்தைப் பார்த்துத்தான். சவ்விலிருந்து மொட்டு மாதிரி எழும்பி நிற்கும் எந்தச் சதைக்கும் இன்றைக்கும் பாலிப் என்றுதான் பேர். மூக்கில், குடலில், பித்தப்பையில், கர்ப்பப்பையில், குரல்வளையில் என்று எங்கே வந்தாலும் அதே பேர். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பேர் ஒன்றும் சொல்லாது. அதற்கு நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது.

புவெனஸ் அயர்ஸில் இரண்டு மூக்கு

1900-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் கில்லெர்மோ சீபர் என்ற மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேடு எழுதினார். மூக்குப் பாலிப் இரண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்ததில் உள்ளே பை பையாக ஏதோ ஓர் உயிரி இருந்தது. மனிதனைத் தாக்கும் புதிய ஒட்டுண்ணி என்று எழுதினார். ஸ்பானிய மொழியில் எழுதியதால் வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை.

மூன்று வருசம் கழித்து, 1903-ல், கல்கத்தாவில் பணியாற்றிய ஓ'கினீலி என்ற ராணுவ மருத்துவர், ஓர் இந்தியரின் மூக்குத் தண்டிலிருந்து எடுத்த சதையில் இதே பைகளைப் பார்த்து லண்டன் மருத்துவர் சங்கத்துக்குத் தெரிவித்தார். அர்ஜென்டினாவில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. 1905-ல் மின்சின், ஃபேந்தம் என்ற இரண்டு விலங்கியலாளர்கள் அந்தக் கல்கத்தாச் சதையை ஆராய்ந்து, உயிரிக்கு ரைனோஸ்போரிடியம் என்று பேர் வைத்தார்கள். மூக்கு வித்து என்று தமிழில் சொல்லலாம். கூடவே ஓ'கினீலியின் பேரையும் ஒட்டினார்கள்.

எடின்பரோவில் ஆஷ்வொர்த் என்ற விலங்கியல் பேராசிரியர் 1923-ல் இதன் முழு வாழ்க்கையையும் எழுதினார். அவருக்குச் சதை கொடுத்தவர் அங்கே படிக்க வந்த ஓர் இந்திய மாணவர். நம் ஊர்த் தண்ணியில் ஒட்டியது கப்பலேறி ஸ்காட்லாந்து வரை போயிருக்கிறது. வித்து எப்படிப் பையாகிறது, பை எப்படி மறுபடி வித்தாகிறது என்று ஆஷ்வொர்த் படிப்படியாகக் காட்டினார். அர்ஜென்டினாவில் கண்டதும் கல்கத்தாவில் கண்டதும் ஒன்றுதான் என்று சொல்லி, முதலில் பார்த்த சீபரின் பேரையே நிலைக்கச் செய்தார். இன்றும் அது ரைனோஸ்போரிடியம் சீபரி.

இது நடந்துகொண்டிருந்தபோதே மெட்ராஸ் அரசுக் கண் மருத்துவமனையின் ஆர்.இ. ரைட், 1922-ல் கண் சவ்வில் இதே சதை வளர்வதைப் பற்றி எழுதினார். மூக்குக்கு அடுத்தபடியாக இந்த நோய் அதிகம் வரும் இடம் கண். நோய் கண்டுபிடிக்கப்பட்டது அர்ஜென்டினாவில் என்றாலும், உலகத்தில் இதுவரை பதிவான நோயாளிகளில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும்தான்.

தண்ணியைப் பார்த்தவர்கள்

கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அது எங்கிருந்து வருகிறது? மூக்குக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை வராது. நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும்.

1933-ல் பூனாவிலிருந்து நொரோனா என்பவர் அப்படிக் கேட்டு எழுதினார். அவர் பார்த்த நோயாளிகள் ஆற்றில் மணல் அள்ளும் தொழிலாளர்கள். தண்ணிக்குள் மூழ்கி, அடியிலிருந்து மணலை வாரிக்கொண்டு மேலே வருபவர்கள். அதே பத்தாண்டில் மெட்ராஸ் மாகாணக் கால்நடை மருத்துவர்கள் குதிரைகளிலும் மாடுகளிலும் இந்த மூக்குச் சதை வருவதை எழுதினார்கள். மாடும் மனிதனும் சேர்ந்து இறங்கும் தண்ணி மேல் சந்தேகம் விழுந்தது.

1964-ல் இலங்கை நோயியல் பேராசிரியர் டபிள்யு.ஏ.இ. கருணாரத்ன இந்த நோய்க்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். தேங்கிய தண்ணியில் கிருமி இருக்கிறது, மூழ்கும்போது மணலோ கல்லோ மூக்குச் சவ்வில் கீறல் போடுகிறது, கீறல் வழியாகக் கிருமி நுழைகிறது என்பது அவர் விளக்கம். இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வது இதைத்தான்.

இதைப் படித்தபோது எனக்கு அப்புச்சி கிணற்றடியில் நிற்பது கண் முன்னால் வந்தது. சேறும் கல்லும் கலந்த தண்ணி. குனிந்து அள்ளும்போது முகத்தில் தெறிக்கும். பொழுதோட எருமைக் குட்டை. பூனா மணல் தொழிலாளியின் உடம்பு பட்ட பாடும் அப்புச்சியின் உடம்பு பட்ட பாடும் ஒன்றுதான்.

சேலம், நாமக்கல் சமவெளியை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம், கண்மாயிலும் ஊருணியிலும் குளிக்கும் ஊர்களில்தான் இந்த நோய் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அங்கே கண்மாய் என்றால் இங்கே ஏரியும் குட்டையும். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறும் கொல்லிமலை ஓடைகளும் மழை பெய்தால்தான் ஓடும். தை மாசத்துக்குப் பிறகு ஏரி சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நிற்கும். ஊர் மாடு முழுக்க அதில்தான் இறங்கும், ஊர்ப் பையன்களும் அதில்தான் நீச்சல் பழகுவார்கள். நானும் அப்படித்தான் பழகினேன். தண்ணி குறையக் குறைய அதில் இருக்கும் எல்லாமே நெருக்கமாகும். மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில் இறங்கி மணல் அள்ளியவர்களும் நம் மாவட்டத்தில் உண்டு.

இந்த நோய் ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. ஒரே குட்டையில் ஊரே குளித்தாலும் சிலருக்குத்தான் வருகிறது. ஏன் அந்தச் சிலருக்கு மட்டும் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன்.

பூச்சியா, பூஞ்சையா, பாசியா

சீபர் இதை ஒரு செல் விலங்கு என்றார். ஆஷ்வொர்த் கீழ்நிலைப் பூஞ்சை என்றார். 1990களில் டெல்லியிலிருந்து, இது குளத்து நீலப்பச்சைப் பாசி என்று ஒரு கருத்து வந்தது. இத்தனை குழப்பத்துக்குக் காரணம், ஆய்வகத்தில் சாதாரண ஊடகத்தில் இதை வளர்க்க முடியவில்லை என்பதுதான். தயிரை உறை ஊற்றுகிற மாதிரி மற்ற கிருமிகளைத் தட்டில் ஊற்றி வளர்த்துவிடலாம். இது மட்டும் பிடிகொடுக்கவில்லை.

1999-ல் மரபணுவை வாசித்துப் பார்த்தார்கள். அது பாக்டீரியாவும் இல்லை, பாசியும் இல்லை, நேரான பூஞ்சையும் இல்லை. விலங்கும் பூஞ்சையும் பிரிந்த அந்தப் பழைய கிளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. அதில் மற்றவை பெரும்பாலும் மீன்களையும் தவளைகளையும் தாக்கும் ஒட்டுண்ணிகள். நம் மூக்கு வித்துக்குச் சொந்தக்காரர்கள் மீனின் உடம்பில் இருக்கிறார்கள். தண்ணியைச் சந்தேகப்பட்ட பூனாக்காரரும் கருணாரத்னவும் சரியான பக்கம்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் திரும்ப வந்தது

அம்மாவின் வீட்டில் அப்புச்சி கதையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்: சதையில் கத்தி பட்டால் பெருகும். அவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். இரண்டு முறை வெட்டியும் வந்ததே.

ஆனால் வந்தது கத்தியால் இல்லை, விட்டுப்போன வேரால். இந்தச் சதையைப் பிய்த்து எடுத்தால் பைகள் வெடித்து வித்துகள் பக்கத்துச் சவ்வில் சிதறும். அடியில் கொஞ்சம் மிஞ்சினாலும் போதும். அதனால் இப்போது அடியோடு அகலமாக வெட்டி, வேர் இருந்த இடத்தை மின்சூட்டால் சுடுகிறார்கள். சுஸ்ருதர் பட்டியலில் கத்தியும் நெருப்பும் அடுத்தடுத்து இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு இந்தக் கிருமி தெரியாது. ஆனால் வெட்டிவிட்டு மட்டும் விட்டால் திரும்ப வரும் என்ற அனுபவம் அந்தக் கை வைத்தியர்களுக்கு இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரையையும் 1970களின் கடைசியிலிருந்து, திரும்ப வருவதைக் குறைக்க, வெட்டிய பிறகு கொடுத்துப் பார்க்கிறார்கள். இவ்வளவு செய்தும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு.

முதல் தடவையே சதையை நுண்ணோக்கிக்கு அனுப்பியிருந்தால் அங்கே இருந்தவர் பைகளைப் பார்த்தவுடனே சொல்லியிருப்பார். இது புற்று இல்லை, வேரைச் சுடுங்கள், குட்டையில் குளிக்க வேண்டாம் என்று மூன்று வரியில் முடிந்திருக்கும். பத்து வருசம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அலைந்திருக்க வேண்டாம்.

இன்னொரு சதை

இனி என் குடலில் வந்தது.

இதில் கிருமி கிடையாது. பெருங்குடலின் உள்சவ்வில் இருக்கும் செல்கள் தங்கள் கணக்கு தப்பிப் பெருகியதால் வந்த மொட்டு. அடினோமா என்கிறார்கள். வலிக்காது. பல வருசம் சத்தமில்லாமல் இருக்கும். எல்லா அடினோமாவும் புற்றாகாது. ஆனால் பெருங்குடல் புற்றில் பெரும்பகுதி இப்படி ஒரு பாலிப்பாகத்தான் ஆரம்பிக்கிறது. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருசம் அளவுக்கு ஆகும். அளவு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடும். என்னுடையது 12 மி.மீ.

பாலிப்பிலிருந்துதான் புற்று வருகிறது என்பதை 1920களிலேயே லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் லாக்ஹார்ட் மம்மரி, கத்பர்ட் டியூக்ஸ் ஆகியோர் எழுதிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் குடும்பங்களையும் அங்கே பதிவு செய்தார்கள். ஆனால் அன்றைக்குப் பாலிப்பை எடுக்க வயிற்றைத்தான் கிழிக்க வேண்டும். 1969-ல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வூல்ஃப் ஆகியோர் வளையும் குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கை உள்ளே விட்டு, பாலிப்பின் கழுத்தில் மாட்டி, மின்சூடு கொடுத்து அறுத்தார்கள். எனக்கும் சேலத்தில் செய்தது அதுதான். அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

எடுத்தால் பலன் உண்டா? 1993-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அடினோமா எடுக்கப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குடல் புற்று குறைந்திருந்தது.

ஆக, அப்புச்சியின் சதை புற்று என்று எல்லாரும் பயந்தார்கள், அது புற்றே இல்லை. என்னுடையதை ஒண்ணுமில்லை என்று நானே போனில் சொன்னேன், விட்டிருந்தால் அது புற்றாகியிருக்கக் கூடும்.

மற்ற இடங்களில் வருவதற்கும் இதே மாதிரி தனித்தனிக் கணக்கு உண்டு. ஒவ்வாமையாலும் சைனஸ் தொல்லையாலும் மூக்கில் வரும் சாதாரணப் பாலிப் வெளிறிப்போய், உரித்த திராட்சை மாதிரி, பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அது புற்று இல்லை. ஒரே பக்கம் சதை வந்து ரத்தமும் வந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். பித்தப்பையில் ஸ்கேனில் தெரிபவை பெரும்பாலும் கொழுப்புத் திட்டுகள். ஒரு சென்டிமீட்டரை எட்டினால்தான் பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். கர்ப்பப்பையில் வருபவை பெரும்பாலும் தீங்கில்லாதவை, ஆனால் தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பெரியம்மா

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சம்பந்தம் நின்றுபோனதே, அந்தப் பெரியம்மாவுக்கு அப்புறம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. 2003-ல் அவருக்கு மலத்தில் ரத்தம் போனது. சேலத்தில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். சதை இருந்தால் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். பெரியம்மா சம்மதிக்கவில்லை. "எங்கப்பனுக்கு வெட்டி வெட்டித்தான் பெருசாச்சு. நாங்க பாத்தோமில்ல? கத்தி பட்டாப் புத்தாயிருங்க." இரண்டு வருசம் மூலத்துக்கு நாட்டு மருந்து சாப்பிட்டார். 2005-ல் குடல் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஈரல் வரை பரவியிருந்தது. நாலு மாசம்.

அவர் சொன்னது மூடநம்பிக்கை என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் கண்ணால் பார்த்த சாட்சியம் அது. 1968-ல் ஒரு டவுன் டாக்டர் வெட்டிய சதையைச் சோதனைக்கு அனுப்பாமல் போட்டதற்கு, 2005-ல் பெரியம்மா விலை கொடுத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு சதைக்கும் ஒரே பேர் இருந்ததும், அந்தப் பேருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லாததும்தான் காரணம்.

அம்மாவுக்குச் சொன்ன பதில்

போன வாரம் ஊருக்குப் போய் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். அப்புச்சிக்கு வந்தது தண்ணியில் இருந்த ஒரு பூச்சியால் என்றேன். நான் பூச்சி என்றதை எந்த ஆய்வாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் அம்மாவுக்கு அது போதும். எனக்கு வந்தது வேறு, விட்டிருந்தால்தான் ஆபத்து என்றேன். திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் காட்டினேன். அடினோமா, புற்று இல்லை, வேரோடு வந்துவிட்டது, மூன்று வருசம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அம்மா ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "இந்தக் காயிதம் அன்னைக்கு எங்கப்பனுக்கு ஒண்ணு குடுத்திருந்தாங்கன்னா" என்றார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் உடம்பிலிருந்தோ வீட்டில் யாருடைய உடம்பிலிருந்தோ ஒரு சதையை வெட்டி எடுத்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், "இதைச் சோதனைக்கு அனுப்புனீங்களா?" என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நான் பெரியம்மா விஷயத்தைச் சொல்லாமல் ஆறு மாசம் கருணைக்கிழங்கு சாப்பிட்டவன்.

நான் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றபடி கேட்டார்: "அந்தக் கொழாய் உட்டுப் பாக்கறாங்களே, அது நெம்ப வலிக்குமா?"

"இல்லம்மா, தூங்க வெச்சிருவாங்க."

"அப்படின்னா எனக்கும் ஒருவாட்டி பாத்துரலாமா?"

அடுத்த மாசம் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.